ரோசம்மாள் கட்டிய திரை

வைகாசி மாதத்துப் புதன்கிழமை அது. பிற்பகல் மூன்று மணிக்கு, வழக்கம்போல, மாம்பலம் பூங்காவின் வடக்கு வாயிலில் தள்ளுவண்டி வந்து நின்றது. அதில் வழக்கம்போல நான்கு பாய்கள் சுருட்டிக் கிடந்தன. கட்டுமரத்தில் காற்றுக்கு விரிக்கிற துணிப்பாய்கள். வண்டியைத் தள்ளி வந்தவர் ரோசம்மாளின் தம்பி அந்தோணி. எப்போதும் பக்கத்தில் நடந்து வருகிற ரோசம்மாளை மட்டும் காணவில்லை.

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கும்பகோணத்தில் தமையன் வீட்டுக்குப் போயிருந்த நான் முந்தின நாள் சாயங்காலம்தான் மயிலாப்பூர் திரும்பியிருந்தேன். “எங்கே உங்கள் அக்கா, தாமதமா?” என்று கேட்டேன். அந்தோணி பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அக்கா பூட்டாங்கம்மா. ஞாயித்துக்கெழம. விஷ ஜொரம். திங்கக்கெழம சாந்தோம்ல அடக்கம் பண்ணிட்டோம். உங்க வூட்டுக்கு ஆள் வந்துச்சு, பூட்டிகீதுன்னு சொன்னாங்க.”

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “இந்த நிலையில் நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

“புதன்கெழம பாய் போவணும்னு சொல்லிக்கினே இருந்துச்சும்மா” என்றார்.

நம் மாதர் சங்கத்தின் மலரைப் படிக்கும் சகோதரிகளில் ரோசம்மாளை அறியாதவர் குறைவு. பெண்கள் பள்ளியில் அவர் டிரில் டீச்சர். நான் ஆங்கில ஆசிரியை. பதினோரு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து இருவரும் மதிய உணவு சாப்பிட்டிருக்கிறோம். அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் நல்லதே சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் என்னைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பள்ளிக்கு வந்த முதல் மாதம் நினைவிருக்கிறது. கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்து, கன்னியாஸ்திரீகளிடம் படித்து, டிரில் பயிற்சி முடித்து வந்தவர். கறுத்த, உயர்ந்த உருவம். அவர் விசில் ஊதினால் பக்கத்துத் தெருவில் போகிற ஜட்கா குதிரையும் ஒரு கணம் நிற்கும் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் தாயார் தலைமை ஆசிரியையின் அறைக்கே வந்துவிட்டார். “கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணை ஓட விடறேளே, நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவா?” என்று ஒரே சத்தம். ரோசம்மாள் கைகட்டி நின்று கேட்டார். பிறகு மிகவும் பணிவாக, “மாமி, ஓடுனா கால் தேஞ்சி பூடாது. அப்டி தேஞ்சா நானே கல்யாணச் செலவு ஏத்துக்கறேன்” என்றார். அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் அந்த வருஷம் முழுவதும் ஓடினாள்.

புதிதாக உருவான மாம்பலத்தில் பூங்கா திறந்தபோது, அங்கே இருந்த பந்தாட்ட மைதானத்தையும், தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் கட்டுச்சோறு சாப்பிடப் போட்டிருந்த சிமெண்டு மேடைகளையும் ஆண்களும் பையன்களுமே நிரப்பினார்கள். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பெண்களுக்கு ஒதுக்கும்படி நம் சங்கத்தை மனுப்போட வைத்தது ரோசம்மாள். மனுவை எழுதியது காரியதரிசியாகிய நான். பூங்காக் கமிட்டியார் புதன்கிழமையைக் கொடுத்தார்கள். மைதானத்தைச் சுற்றிக் கட்ட ஒரு கான்வாஸ் திரையும் கொடுத்தார்கள். திரையைக் கேட்டது நான் அல்ல. ரோசம்மாள் தனியே போய்க் கேட்டிருக்கிறார். ராயப்பேட்டையிலிருந்தும் தேனாம்பேட்டையிலிருந்தும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷா முறையில் இருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண்களை அழைத்திருந்தார்.

அவர்கள் மூடுவண்டிகளில் வந்தார்கள். வண்டி திரையோடு ஒட்டி நிற்கும். திரையின் ஒரு முனை விலகும். அவர்கள் இறங்கி உள்ளே வருவார்கள். நூருன்னிஸாவை உங்களுக்கு நினைவிருக்கும். அத்தர் வியாபாரி வீட்டு மருமகள், இருபத்தைந்து வயது. முதல் நாள் அவள் மாமியார் மேடையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு, “நீ ஓடு பேட்டி, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று, மகளைக் கூப்பிடுவதுபோல உருதுவில் கூப்பிட்டுச் சொன்னார். நூருன்னிஸா நாலடி ஓடினாள், நின்றாள், தன் கால்களையே குனிந்து பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் ஓடவில்லையாம். பிறகு அவள் வளையம் எறிந்த வேகத்தில் நம் அலமேலு அம்மாள் மூக்குக்கண்ணாடி தப்பியது பெரிய காரியம். பழைய கட்டுமரக் கயிற்றைச் சுற்றி அந்த வளையங்களைச் செய்தவரும் ரோசம்மாள்தான்.

இனிச் சொல்ல வேண்டியது என் தவறு.

அந்தத் திரையை என்னால் பார்க்க முடியவில்லை. பதினைந்து வயதில் கணவரை இழந்த பிறகு, படிக்க அனுப்பப்படும்வரை நான்கு வருஷம் ஒரு கதவின் பின்னால் இருந்தவள் நான். அந்தக் கதவின் மரத்தில் எத்தனை முடிச்சுகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். பெண்கள் பூங்காவுக்கு வந்தும் துணிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டுமா என்று மனம் கொதித்தது. சங்கக் கூட்டத்தில் பேசினேன். அலமேலு அம்மாளும், “படுதாவுக்குள்ள விளையாடறதுக்கு ஆத்துலயே இருந்துண்டு போகலாமே” என்று எனக்குத் துணை நின்றார். ரோசம்மாள் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. அவரைக் கேட்டிருக்கலாம், அடுத்த நாள் மதியம் பக்கத்தில்தானே உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்கவில்லை. திரையை எடுத்துவிடும்படி கமிட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நன்றாக எழுதினேன். கமிட்டித் தலைவர் அதைக் கூட்டத்தில் படித்துப் பாராட்டினார். ஒரு பத்திரிகையிலும் அது வெளிவந்தது. கத்தரித்து என் ஆங்கில அகராதிக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை திரை இல்லை. மைதானம் தெருவரை திறந்து கிடந்தது. எனக்கு மூச்சு இலேசானது போலிருந்தது. மூன்றரை மணிக்கு அத்தர் வியாபாரி வீட்டு மூடுவண்டி வந்தது. வாயிலருகே நின்றது. வண்டித் திரையில் இரண்டு விரல் அளவு இடைவெளி தெரிந்தது. யாரோ உள்ளிருந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு வண்டிக்காரன் குதிரையைத் திருப்பினான். அதன் பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் நிற்காமலே திரும்பின.

ரோசம்மாள் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வண்டிகள் போவதையே பார்த்தார். என்னிடம் வந்தார். அவர் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். வாதங்கள் என்னிடம் நிறைய இருந்தன.

“உங்களுக்குக் கதவு தொறக்கச் சொல்ல நீங்களே இருந்தீங்க, டீச்சரம்மா. அவங்களுக்கு, அவங்கள கேக்காமலே, நீங்க சொல்லிட்டீங்க” என்றார். விசிலை இடுப்பில் செருகிக்கொண்டு, “மொதல்ல வரட்டும். அப்பறம் ஓடட்டும். துணி வேணுமா வேணாமான்னு ஓடுன காலு சொல்லும்” என்றார்.

மறு புதன்கிழமைதான் முதல்முறையாக அந்தத் தள்ளுவண்டி வந்தது. கட்டுமரங்கள் விடியுமுன் போய் நண்பகலில் கரை திரும்பிவிடும். பிற்பகலில் பாய்களுக்கு வேலை இல்லை. சாந்தோம் குப்பத்தில் நான்கு வீடுகளில் கேட்டு வாங்கி, கிழிசல்களைத் தம் கையாலேயே தைத்து, தம்பியோடு தேனாம்பேட்டை வழியாக வெயிலில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மரப்பட்டைச் சாயம் ஏறிய செம்மண் நிறத் துணி. உப்பும் மீனும் கலந்த வாசனை. பந்தாட்டக் கம்பங்களில் அவற்றைக் கட்ட ஆரம்பித்ததும் காவல்காரர் ஓடி வந்தார்.

“இன்னாம்மா இது? தெர கட்டக் கூடாதுன்னு கமிட்டில போட்டுகீதே!”

“தெரயா? இன்னா நைனா, கண்ணு தெரியல? பாய் ஈரமா கீது. காயப் போடறேன்.”

“காயப் போட சாந்தோம்ல எடம் இல்லயா?”

“அங்க இம்மாம் நல்ல காத்து ஏது?”

கடற்கரைக்காரி காற்றைத் தேடி மாம்பலம் வந்த கதையைக் கேட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ரோசம்மாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கயிற்று முனையைக் கையில் கொடுத்தார். “எழுதின கை தானே, இத்தயும் கட்டட்டும்.” நான் கட்டிய முடிச்சு உடனே அவிழ்ந்து பாய் சரிந்தது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, உள்ளே விட்டு இழு என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் மூடுவண்டிகள் திரும்பி வந்தன. மீன் வாசனை என்று நம்மில் சிலர் எட்டத்து மேடைக்குக் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். நூருன்னிஸாவின் மாமியார் மட்டும் பாயை ஒட்டியே உட்கார்ந்து, “எங்க ஆளுங்க கப்பல்ல வந்த காலத்து வாசனை இது” என்று சிரித்தார்.

எத்தனை நாளைக்குத்தான் பாய் காயும்? பங்குனியில் கமிட்டியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. திரை வேண்டாம் என்று சங்கக் காரியதரிசியே எழுதியிருக்க, சங்கத்தார் துணி கட்டுவது முறையல்ல. காரியதரிசி தம் கருத்தை மாற்றி எழுதினால் கமிட்டி யோசிக்கும். இல்லையென்றால், விடுமுறைக்குப் பின் பெண்களுக்கான புதன்கிழமையே ரத்தாகும்.

கடிதத்தை ரோசம்மாளிடம் காட்டினேன். “அவ்ளோதானா? நாலு வரி எழுதிடுங்க” என்றார். எழுதுகிறேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டார். எழுதுகிறேன் என்றேன். மூன்றாம் முறை, டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டே, “தப்பா எழுதுனோம்னு எழுதறது கஷ்டந்தான்” என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு கேட்கவில்லை.

நான் ஏன் எழுதவில்லை? உட்காராமல் இல்லை. இரண்டு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. முதல் கடிதத்தைப் பாராட்டிய அதே மனிதர்கள் இரண்டாவதையும் படிப்பார்கள். அந்தப் பத்திரிகைத் துண்டு அப்போதும் அகராதிக்குள் இருந்தது. பள்ளி அடைத்த நாளில், “திரும்பி வந்ததும் எழுதிவிடுகிறேன்” என்று வாசலில் நின்று சொன்னேன். “சரி டீச்சரம்மா, வெயில்ல பத்திரமா போய்ட்டு வாங்க” என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

இப்போது அந்தப் புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். அந்தோணி பாய்களை இறக்கி வைத்துவிட்டு நின்றார். நான் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து, ஆட்டக் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். முன்பு எழுதியது என் பிழை, யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களில் ஒருவரையும் நான் கேட்கவில்லை, திரை வேண்டும் என்று எழுதினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு மாதம் எழுத முடியாத கடிதம்.

“இன்னாம்மா எழுதினீங்க?” என்று கேட்டார் அந்தோணி.

“கமிட்டிக்கு ஒரு கடிதம். உங்கள் அக்கா கேட்டிருந்தார்.”

“அதுவா?” என்றார். “ஜொரத்துல கூட கேட்டுச்சும்மா. டீச்சரம்மா எழுதிட்டாங்களான்னு. எழுதிட்டாங்கன்னு நான் பொய் சொல்லிட்டேன்.”

அவர் குரலில் குற்றச்சாட்டு சிறிதும் இல்லை. தம் பொய்க்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னார்.

கமிட்டி சம்மதித்துவிட்டது. ஆனால் அவர்களுடைய கான்வாஸ் வேறு வேலைக்குப் போய்விட்டதால், புதன்கிழமைகளில் குப்பத்துப் பாய்களே வருகின்றன. விடுமுறைக்குப் பின் சென்ற வாரம்தான் முதல்முறையாக வந்த நூருன்னிஸாவின் மாமியார், வண்டியிலிருந்து இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “விசில் அம்மா எங்கே?” என்று கேட்டார். சொன்னேன். முக்காட்டின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார். நூருன்னிஸா அன்று வளையத்தைத் தொடவே இல்லை. மைதானத்தை ஒருமுறை, தனியாக, முழுச் சுற்றும் ஓடினாள்; வந்து மாமியார் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

ரோசம்மாளுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு கயிற்று வளையமும் ஒரு முடிச்சும். வளையம் மேஜை மேல், பத்திரிகைத் துண்டு இருந்த அகராதியின்மேல் கிடக்கிறது. துண்டைக் கிழித்துவிட்டேன். முடிச்சு என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் வடக்குக் கம்பத்தில் முதல் பாயை நான்தான் கட்டுகிறேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, உள்ளே விட்டு இழு. இப்போது அது அவிழ்வதில்லை. கட்டி முடித்ததும், சரியா என்று கேட்கப் பழக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே அந்தோணிதான் நிற்கிறார், அடுத்த கயிற்றை நீட்டிக்கொண்டு.