எல்லாவற்றுக்கும் ஓம்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைவரை

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. சாதாரண நாளில் முச்சக்கர வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் முக்கால் மணித்தியாலத்தில் போய் இறங்கலாம். கொரோனாவின் இரண்டாம் அலையில், ஊரடங்கு நேரத்து வியாழக்கிழமை ஒன்றில், அதே தூரத்துக்கு எனக்குப் பொலிஸ் முத்திரை ஒன்றும் ஆயிரத்து இருநூறு ரூபாயும் அரை நாளும் தேவைப்பட்டன. அவசியம் நேர்ந்து இப்படிப் புறப்படுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று விபரங்களை ஒழுங்காகத் தருகிறேன்.

காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையில் என் அண்ணரின் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் லில்லி.

"ஐயா, உங்க அண்ணன இண்டைக்கி ரெண்டு மணி பஸ்ல ஏத்தப் போறாங்க."

"எந்த பஸ்?"

"தனிமைப்படுத்துற முகாமுக்குப் போற பஸ். நேத்து பி.எச்.ஐ. வந்து படியில நிண்டு கேட்டாரு. காய்ச்சலா? ஓம். இருமலா? ஓம். மணம் தெரியலியா? ஓம். வருத்தக்காரரோட பழகினீங்களா? அதுக்கும் ஓம், சிரிச்சிக்கிட்டே."

"அவருக்குக் காய்ச்சல் இருக்கோ?"

"ஒரு மண்ணும் இல்ல. காலையில பல்கனியில நிண்டு காக்காக்குப் பாண் போட்டாரு."

என்ன நடந்தது என்பது உடனே விளங்கியது. சற்குணம் அண்ணருக்கு எழுபத்தெட்டு வயது. அண்ணி காலமான பிறகு தனியே இருக்கிறார். இளமையிலிருந்து புறக்கோட்டை அச்சுக்கூடம் ஒன்றில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர்; அவை அவருடைய காதுகளைத் தங்களுக்கே எடுத்துக்கொண்டன. செவிக்கருவி போட்டால் கேட்பார். போடாவிட்டால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார். உதடும் தெரியாவிட்டால் சிரித்துக்கொண்டு ஓம் என்பார். ஓம் என்று சொன்னால் மனிதர்கள் திருப்தியோடு போய்விடுகிறார்கள் என்பது அவர் நீண்டகாலம் பரிசோதித்துக் கண்ட உண்மை. கருவிக்கான பற்றரி மாதாமாதம் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஊரடங்கு வந்ததில் அந்த மாதத்துப் பற்றரி என் மேசை லாச்சியிலேயே கிடந்தது. பி.எச்.ஐ. என்று சனம் கூப்பிடும் சுகாதாரப் பரிசோதகரோ முகக்கவசமும் அதன்மேல் கண்ணாடித் தடுப்பும் அணிந்து வந்திருக்கிறார். நாடு முழுவதும் வாயை மூடிக்கொண்ட நாளிலிருந்து என் அண்ணர் உண்மையில் செவிடாகிவிட்டார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"ஒரு துண்டில எழுதிக் குடுத்துப் பாக்கேல்லையோ?"

"குடுத்தேனே. வாசிக்கிற கண்ணாடி உடைஞ்சி கிடக்கு, கண்ணாடிக் கடையும் பூட்டு. துண்டுக்குப் பின்னுக்கு 'பாண் ஒண்டு, பருப்பு' எண்டு எழுதி கூடையில இறக்குறாரு. பி.எச்.ஐ.கிட்டயும் சொன்னேன். அவர் வாயால சொன்னத அவர் வாயாலதான் மாத்தணுமாம்."

அது சரியான நடைமுறை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். முப்பத்தைந்து வருடங்கள் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அனுமதிப்பத்திரம் வழங்கும் மேசைக்குப் பின்னால் இருந்தவன் நான். நோயில்லாத எழுபத்தெட்டு வயதுக்காரரை நோயாளிகள் நிறைந்த பஸ்ஸில் ஏற்றினால் அவர் எப்படித் திரும்பி வருவார் என்பதற்கு மட்டும் நடைமுறையில் பதில் இல்லை.

"நான் வாறன்" என்றேன்.

"எப்புடி வருவீங்க? இங்கால முழுக்கப் பூட்டு!"

"வாறன் பிள்ளை."

ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலைய வாசலில் வரிசையில் நின்றேன். கடிதத்தைச் சிங்களத்தில் எழுதியிருந்தேன். அதன் பிரதியும் அடையாள அட்டையின் பிரதியும் இணைத்திருந்தேன். பற்றரி அத்தியாவசியப் பொருட்களில் அடங்காது என்பதை முன்கூட்டியே அறிந்து, 'செவிப்புலன் மருத்துவ உபகரணத்துக்குரிய உள்ளீடு' என்று குறிப்பிட்டேன். அதோடு நிற்காமல், மனைவியின் பிரஷர் குளிசை வந்த வெள்ளை மருந்துக் கடதாசிப் பையில் பற்றரிகளைப் போட்டு, வாயை மடித்து ஒட்டினேன். அனுபவம் உள்ளவன் செய்கிற காரியம் இது என்று உள்ளூர எனக்குப் பெருமை. அந்தப் பெருமை மத்தியானம்வரை நீடித்தது.

பத்தரைக்கு முத்திரை விழுந்தது. இனி வாகனம். மருந்துக் கடை ஒன்றுக்கு வீடுவீடாகப் பொருள் கொண்டுபோகும் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரை எங்கள் தொடர்மாடிக்குத் தெரியும். பெயர் ரிஸ்வான், கொம்பனித்தெருக்காரர், ஊரடங்குப் பாஸ் வைத்திருப்பவர்.

"கொட்டாஞ்சேனையா சேர்? அங்க போறதுக்கு ஆக்கள் இப்ப சல்லி குடுக்கிறல்ல, வாறதுக்குத்தான் குடுக்கிற."

"எவ்வளவு?"

"ஆயிரத்து எரநூறு. திரும்பி வாறதும் சேத்து. வராட்டி அரைவாசி."

பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். காலி வீதியில் பஸ் இல்லை, ஹோர்ன் இல்லை. இத்தனை வருடம் வெள்ளவத்தையில் குடியிருந்தும், காலி வீதியில் நின்றால் கடலின் சத்தம் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். புடைவைக் கடைகளின் கண்ணாடிக்குள் பொம்மைகள் பட்டுச் சேலையோடும் முகக்கவசத்தோடும் நின்றன. பம்பலப்பிட்டியில் மரக்கறி லொறி ஒன்றின் பின்னால், ஒரு மீற்றர் இடைவெளிக்கென்று கீறிய வட்டங்களுக்குள் ஆட்களுக்குப் பதிலாகப் பைகள் வரிசையில் நின்றன. உரிமையாளர்கள் எல்லாரும் ஒரே மரத்தின் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளுப்பிட்டியில் முதலாவது சோதனைச் சாவடி; வாகன வரிசையிலேயே முக்கால் மணித்தியாலம் போனது. இராணுவ வீரர் ஒருவர் வெப்பமானியை என் நெற்றிக்கு நீட்டினார். பிறகு ரிஸ்வானின் நெற்றிக்கு. எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"எவ்வளவு காட்டினது?" என்றேன், வண்டி நகர்ந்ததும்.

"எனக்கு முப்பத்திரெண்டு."

"அப்படியெண்டால் நீர் செத்து இரண்டு மணித்தியாலம்."

"மையத்து ஓட்டுற ஓட்டோவில குந்தியிருக்கிறீங்க சேர். கெட்டியாப் புடிச்சிக்கோங்க."

காலி முகத்திடலில் காற்றாடி விற்பவர்களும் இறால் வைத்த இஸ்ஸோ வடை விற்பவர்களும் இல்லை. புல்வெளி முழுவதையும் காகங்கள் பொறுப்பேற்றிருந்தன. புறக்கோட்டைக்குள் நுழைந்தபோது ரிஸ்வானே வண்டியை மெதுவாக்கிச் சுற்றிப் பார்த்தார். தோளில் மூட்டையோடு வழி கேட்டுக் கத்தும் நாட்டாமைகள் இல்லாத புறக்கோட்டையை அவரும் கண்டதில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் இரும்புக் கதவுகள் வரிசையாக இறங்கியிருந்தன. ஒரு கடை வாசலில் மட்டும் யாரோ தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் வராவிட்டாலும் இலட்சுமிக்கு ஊரடங்கு இல்லை என்று நினைத்தார்கள் போலும்.

அங்கே இரண்டாவது சாவடி. பொலிஸ்காரர் என் கடிதத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். 'உள்ளீடு' என்ற சொல்லில் நின்றார். பையைக் காட்டி, "பெஹெத்த?" என்றார். மருந்தா என்று கேட்கிறார். மூன்று பக்க விளக்கம் என்னிடம் இருந்தது. மணி பன்னிரண்டரை.

"பெஹெத்" என்றேன். விட்டுவிட்டார்.

"சேர் பொய் செல்லிட்டீங்க" என்றார் ரிஸ்வான்.

"சுருக்கிச் சொன்னனான்."

ஒரு மணிக்குக் கொட்டாஞ்சேனை. அண்ணரின் வீடு இருக்கும் ஒழுங்கையின் வாசலை மரச் சட்டங்களால் மறித்து மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். இரண்டு பொலிஸார் காவல் நின்றார்கள். நாடாவுக்கு உட்புறம் மாடிகளிலிருந்து கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் கூடைகள் இறங்கின, ஏறின. பாண் ஒரு கூடையில், மீன் ஒரு கூடையில். ஒரு வீட்டார் இறக்கிய கூடைக்குள் சின்னக் குழந்தையின் பால் போத்தல் இருந்தது. எதிர்வீட்டுக்காரி அதில் பாலை நிரப்பி அனுப்பினாள். அந்த ஒழுங்கையில் மூன்று வாரமாகக் கடை, தபால், உறவு எல்லாம் கயிற்றில்தான் நடந்தன.

அண்ணரின் வீடு வாசலை ஒட்டிய கட்டிடத்தில், இரண்டாம் மாடி. பல்கனிக் கதவு திறந்திருந்தது, ஆளைக் காணவில்லை. நாடாவுக்கு அப்பால் லில்லி நின்றாள். ஐம்பது வயது, பூப்போட்ட சட்டை, தைத்த முகக்கவசமும் அதே துணியில். அவளுக்குப் பக்கத்தில் பி.எச்.ஐ. வேர்வையில் நனைந்து, எத்தனையோ நாளாக நித்திரை கொள்ளாத முகத்தோடு இருந்தார்.

"நான் சற்குணத்தின்ர தம்பி" என்றேன். "அவருக்குக் காது கேளாது. நீங்கள் கேட்ட கேள்வி ஒண்டும் அவருக்கு விளங்கேல்லை."

"நாலு கேள்வி கேட்டன் ஐயா. நாலுக்கும் ஓம் எண்டார்."

"சந்திரனில இருந்து வந்தனீங்களோ எண்டு அஞ்சாவதாக் கேட்டிருந்தால் அதுக்கும் ஓம் எண்டிருப்பார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபிக்கவும் இல்லை. "நான் எழுதினத நானா வெட்டேலாது. பஸ் வாறதுக்கு முன்னம் அவர் கேட்டு, விளங்கி, தானாப் பதில் சொல்லட்டும். உங்களுக்கு முன்னால திரும்பக் கேக்கிறன். அதுக்குப் பிறகு என்னால ஏலாது."

பற்றரியைக் காட்டினேன். "இது மேல போனால் போதும்."

ஆனால் காது கேளாத ஒருவரை இரண்டாம் மாடியிலிருந்து எப்படி வெளியே அழைப்பது? அவர் சந்தேகத்துக்குரியவர் என்பதால் கதவைத் தட்ட எவருக்கும் அனுமதி இல்லை. தட்டினாலும் கேட்காது.

"அதுக்கு வழி இருக்கு" என்ற லில்லி, கட்டிடத்தின் கீழ் நடைக்குள் போனாள். அங்கே மின்மானிகள் வரிசையாக இருந்தன. ஒரு சுவிட்சைக் கீழே தட்டினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெறும் மேலோடு, சாரத்தைச் செருகியபடி அண்ணர் பல்கனிக்கு வந்தார். தன் வீட்டில் மட்டுமா, ஊர் முழுவதுமா கரண்ட் போனது என்று அயலைப் பார்த்தார்.

"பாண் வந்தா இப்புடித்தான் கூப்பிடுறது" என்றாள் லில்லி.

நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார், எல்லாருக்கும் ஆட்டுவதுபோல. முகக்கவசமும் தொப்பியும் அணிந்த கிழவர்கள் ஊரில் நிறைய. லில்லி பையைக் கூடையில் வைத்தாள். அண்ணர் கயிற்றை இழுத்தார். வெள்ளைக் கடதாசிப் பையைக் கையில் எடுத்தார். மருந்துக் கடையின் பை. அவர் முகம் மாறியது.

"எனக்கு மருந்து வேண்டாம்!" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினார். "எனக்கு வருத்தமில்லை! ஆரும் கேக்கிறியளில்லை!" பையைக் கூடைக்குள் எறிந்து, கயிற்றை விட்டார்.

"உங்க அண்ணன் கேள்விக்குச் சரியாத்தானே பதில் செல்றார்" என்றார் பின்னால் நின்ற ரிஸ்வான். "கேக்கத்தான் ஆளில்ல."

முகக்கவசத்துக்குள்ளிருந்து "பற்றரி, பற்றரி" என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பழைய சிரிப்பு வந்தது. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார். சந்தியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

பொது இடத்தில் முகக்கவசத்தை அகற்றுவது குற்றம். அந்த அறிவித்தலை எங்கள் தொடர்மாடியின் மின்தூக்கியில் ஒட்டியவனே நான்தான். லில்லி சுவிட்சை மேலும் கீழும் தட்டினாள். உள்ளே விளக்கு மின்னியிருக்க வேண்டும், அண்ணர் திரும்பினார். நான் தொப்பியைக் கழற்றி, முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்து, வாயை அகலத் திறந்தேன்.

"அண்ணை! காதுக்கு! பற்றரி!"

அவர் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"டேய், தம்பி! நீயோடா?"

கூடை மறுபடி மேலே போனது. அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. விரல் நுனியாலேயே பற்றரியின் தாளை உரித்து, கருவிக்குள் போட்டு, காதில் செருகினார். அந்த நேரம் பொலிஸ்காரர் என் தோளருகே வந்து, "மாஸ்க், மாஸ்க்!" என்று அதட்டினார். இருபது நாளுக்குப் பிறகு என் அண்ணர் கேட்ட முதற் சத்தம் அதுதான்.

"மாஸ்க்கைப் போடடா!" என்று மேலிருந்து அவரும் அதட்டினார். "படிச்சனிதானே!"

போட்டேன்.

பி.எச்.ஐ. பொலிஸ்காரரின் ஒலிபெருக்கியை வாங்கி நான்கு கேள்விகளையும் கேட்டார். நான்கு தரம் இல்லை வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக. நாலாவதன் பிறகு, "மணம் தெரியாமலோ? கீழ லில்லி வீட்டில கருவாடு கருகுது!" என்றார். லில்லி ஓடினாள். பி.எச்.ஐ. பேனையை எடுத்து ஒரு கோடு கீறினார். இரண்டு மணிக்குப் பஸ் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து மூன்று பேர் ஏறினார்கள்; ஒரு பெண் யன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போனாள். அண்ணர் பல்கனியில் நின்று அவர்களுக்குக் கையாட்டினார்.

முகக்கவசம் அகற்றியதற்காகப் பொலிஸ்காரர் என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை.

திரும்பும் வழியில் ரிஸ்வான் இரண்டு தரம் ஏதோ கேட்டார்; முகக்கவசத்துக்குள் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் தரம் வண்டியை ஓரங்கட்டித் திரும்பி, "பசிக்கிறல்லயா எண்டு கேட்டேன்" என்றார். வண்டியிலிருந்த மாரி பிஸ்கட்டை இருவரும் பகிர்ந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சாப்பிட்டோம்.

நான்கு மணிக்கு வெள்ளவத்தை. வாசலில் எங்கள் தொடர்மாடிக் காவலாளி கைகழுவத் தண்ணீர்க் குழாயைக் காட்டி, முகக்கவசத்துக்குள்ளிருந்து சிங்களத்தில் எதையோ கேட்டார். ஒவ்வொரு நாளும் ஏதாவது கேட்பார். நான் வழக்கம்போலச் சிரித்து, "ஔ, ஔ" என்று சிங்களத்தில் ஓம் சொல்லித் தலையாட்டிவிட்டு மின்தூக்கிக்குப் போனேன். பொத்தானை அழுத்திய பிறகுதான் என் தலையாட்டல் எனக்கே தெரிந்த ஒன்றாகப் பட்டது.

திரும்பி வந்து, என்ன கேட்டீர் என்று விசாரித்தேன். அவர் முகக்கவசத்தைச் சற்று விலக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாளைக் காலை சுகாதாரப் பிரிவிலிருந்து இங்கேயும் வருகிறார்களாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டாராம். நான் ஓம் என்றதால் எங்கள் கதவிலக்கத்தை எழுதிவிட்டாராம்.

'இல்லை' என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில். அவர் பேனையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பாதுகாப்புக்காகத் தமிழிலும்.