இந்தா என்று கூப்பிட்டேன்

திருநகரில் எங்கள் வீட்டு வராந்தாவில் அந்த எவர்சில்வர் தாம்பாளம் நேற்று வரை கவிழ்ந்தே கிடந்தது. அதில்தான் நானும் மகளும் கற்களைப் பிரிப்போம். காட்டை உழும்போது அகப்படும் வெள்ளைக் கல்லை எங்கள் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்பார்கள். பெரும்பாலும் வெறும் கட்டிதான். எப்போதாவது ஒன்று ஆறு பட்டையும் கூர்முனையுமாக, கண்ணாடி போலத் தெளிந்து வரும். அப்படி ஒன்று என் கையில் தட்டுப்பட்டால் "இந்தா" என்பேன். அவள் தலை நிமிராமல் உள்ளங்கையை நீட்டுவாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த நேரத்தில் மட்டும் நாலு வயசு.

ஒருவரைக் கூப்பிடவும் எங்கள் ஊரில் இந்தா என்றுதான் சொல்வோம். கொடுப்பதற்கும் அதே சொல், கூப்பிடுவதற்கும் அதே சொல். ஐம்பது வருஷத்தில் அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

செக்கானூரணி தாண்டி ஒரு தோட்டத்தில் கிராவல் அள்ளிய பழைய குழி இருந்தது. இரண்டாள் உயரக் கரை. அதன் அடியில் வெள்ளைக் கோடாக வெங்கச்சங்கல் ஓடியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அந்தக் கோட்டின் பின்னாலேயே போனோம். கோடு உள்ளே போனது. நாங்களும் உள்ளே குடைந்தோம். மேலே என்ன தொங்குகிறது என்று இருவருமே அண்ணாந்து பார்க்கவில்லை. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின இரண்டு நாளும் மழை. மண் கழுவிக் கல் பளிச்சென்று தெரியும் என்று சொல்லி அவளைக் கிளப்பிக்கொண்டு போனவள் நான்தான்.

தோட்டக்காரர் கரைமேல் நின்று கேட்டார். "என்னக்கா, வைரம் எம்புட்டு தேறுச்சு?"

"இம்புட்டும் வெங்கச்சங்கல்லுதாண்ணே. பாதி எடுத்துக்கிறீகளா?"

"ஏங்க்கா, நீங்க சொமந்துட்டுப் போனா என் மாட்டுக் காலாவது பொழைக்கும்," என்று சிரித்துவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போனார்.

குழியின் ஒரு முனையில் சாக்கை விரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் தண்ணீர் குடிக்க மறுமுனைக்குப் போயிருந்தாள். எங்களுக்கு நடுவே நாங்கள் குடைந்த கரை. அதன் உச்சியிலிருந்து, அரிசி கொட்டுகிற மாதிரி மண் ஒழுகுவதைப் பார்த்தேன். புல்லோடு ஒரு விரிசல் வாய் திறந்தது.

"இந்தா," என்றேன்.

அவள் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, கரையை ஒட்டி என்னை நோக்கி நடந்தாள். கை நீட்டியபடி.

"இந்தா, இந்தா." சத்தம் கூடியது, சொல் மாறவில்லை. நில் என்றோ, போ என்றோ வாயில் வரவேயில்லை. பெரிய கல் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள் போல, சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

கரை சரிந்த சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு பொத்தென்ற ஓசை. செம்மண் தூசி அடங்கியபோது அவள் குப்புறக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே மண். நீட்டிய கை என் சாக்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தோட்டக்காரர் மம்பட்டியோடு ஓடி வந்தார். வந்தவர் அதைத் தூர எறிந்தார். "இதப் போட்டா கால்ல வெட்டிரும்க்கா. கையாலயே அள்ளுவோம். நீங்க அந்தப் பக்கம். மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க."

அள்ளினோம். மூன்று வாரம் தேடிய கற்கள் மண்ணோடு மண்ணாக வந்தன, பின்னால் வீசினேன். இடது முழங்கால் தெரிந்தபோது அவள் தலையைத் திருப்பினாள்.

"எதும்மா?" என்றாள். "எதக் குடுக்கக் கூப்பிட்ட?"

கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு போட்ட டாக்டர், ஒரு எட்டு பின்தங்கியிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நேற்று கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவளே தாம்பாளத்தை நிமிர்த்தி, முன்பு பொறுக்கிய கற்கள் இருந்த பையைக் கொட்டினாள்.

"அடுத்த வாட்டி மேல ஏறிப் பாத்துட்டுத்தான் எறங்கணும்மா."

அடுத்த வாட்டி என்கிறாள். குவியலில் விரல் விட்டுத் துழாவினேன். தெளிந்த கல் ஒன்று, முனை உடையாமல், தட்டுப்பட்டது. என் கை நின்றதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். தலை நிமிராமல் உள்ளங்கையை நீட்டினாள்.

நீட்டியபடியே இருந்தாள். வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. கல்லை அவள் கையில் வைத்து, விரல்களை மூடி, என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா," என்றாள். "கல்லு குத்துது."