பூசணிக்காய்ச் சம்பளம்

மாரிகுப்பத்தில் இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில், நாங்கள் நாலைந்து பெண்கள் செல்போனில் ஒரே விவசாய விளையாட்டைத்தான் ஆடுவோம். விளைந்ததை விற்றால் பொற்காசு விழும். எல்லோரும் அதைத் 'தங்கம்' என்போம். என் தோழி மட்டும் 'சம்பளம்' என்பாள். எனக்கு அது பொறுக்காது.

"இன்னாடி சம்பளம்? தங்கம்னுதான போட்டிருக்குது?" என்று ஒருநாள் சிடுசிடுத்தேன்.

அவள் பூசணிக்காய் பறிப்பதை நிறுத்தவே இல்லை. "எங்கப்பா முப்பது வருஷம் சுரங்கத்து ஷாஃப்டுல இறங்கித் தங்கம் எடுத்தாரு. வீட்டுக்கு எடுத்துனு வந்தது சம்பளம்தான்."

என் அப்பாவும் அதே சுரங்கத்தில்தான் உழைத்தார். எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை?

மறுநாள் என் வெள்ளரிக்காய் விற்றதும், "சம்பளம் வந்துடுச்சிடி" என்று அவளிடம்தான் முதலில் காட்டினேன்.