இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெள்ளை மாளிகை. கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்த கையோடு, அமெரிக்கா எந்தெந்த நாட்டில் போய் என்னென்ன அட்டூழியம் செய்தது என்று ஆரம்பித்துவிடுவார். ரிவர்ஸ் கற்க வந்தவன் வெளியுறவுக் கொள்கை கற்றுக்கொண்டு போவான். ரிவர்ஸ் மட்டும் வராது.

எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. முன்னால் லாரி வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எவன் வாதாடுவான்? வாதாடியது அவருடைய தங்கை ஒருத்திதான். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை வீட்டில் கொண்டுவிடும் வேனுக்கு டிரைவராக அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு மாடியறையில் ஒண்டியிருந்தவளுக்கு, தனி வீடு என்பது அந்த வேனில்தான் வரவேண்டியிருந்தது.

"அடுத்தவன் நாட்டுல இவனுக்கு என்னம்மா வேலை? யாரு கூப்பிட்டா?" என்றார் மாஸ்டர், கார் மேட்டில் ஏறும்போது.

"சில பேரு கூப்பிடத்தானே செஞ்சாங்க? வந்தா ஏன் வந்தேங்குறோம். வரலைன்னா, ஊரே எரியுது, வேடிக்கை பாக்குறான்ங்குறோம். மருந்து அனுப்புனா அதுல ஏதோ உள்குத்துங்குறோம். பாவம், அவன் என்னதான் பண்ணுவான்?"

"பாவமா? அவன் என்ன நம்ம சித்தப்பா பையனா?"

"குண்டு போட்டதத் திட்டு, நானும் கூடச் சேந்து திட்டுறேன். நல்லது பண்ணதையும் சேத்துத் திட்டுறது நியாயமில்லண்ணே."

"அந்த நல்லதுதான் மோசம். அடிச்சா திருப்பி அடிக்கலாம். நல்லது பண்றேன்னு நடுவீட்டுல வந்து உக்காந்துட்டான்னா, அந்த நாட்டுக்காரன் எப்பத்தான் சொந்தமா நிப்பான்?"

அவள் மேட்டில் காரை நிறுத்தி மறுபடி எடுத்தாள். கார் அரை அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை.

"பாத்தியா, வெண்ணெய் மாதிரி எடுக்குறே" என்றார் மாஸ்டர்.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும். ஆனால் தங்கை முகத்தில் பயம் தெரிந்தால் இவருக்குத் தாங்காது. சிலருக்குப் பாசம் கண்ணில் இருக்கும், இவருக்குக் காலில். அவள் மிதிக்கும் முன்பே இவர் மிதித்துவிடுவார்; அவள் காலடியில் மிதி தானாகத் தாழும். கார் என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பிரேக் வண்டி டெஸ்ட்டுக்குச் செல்லாது என்றதால், டெஸ்ட் நடந்தது அதிகாரியின் காரில். அதில் ஒரு பிரேக்தான். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். அவள் காத்திருந்தாள், மிதி தாழவில்லை. கார் பின்னால் உருண்டது. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தெறித்து ஓடினார்கள். அதிகாரி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கேட்டார்: "யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

மாஸ்டர் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார் சரியா கத்துக்கல."

மறு டெஸ்ட் அடுத்த மாதம். வேன் வேலை வேறு யாருக்கோ போயிற்று.

திரும்பும் வழியில் மாஸ்டர் மெல்ல ஆரம்பித்தார். "அந்த ஆபீசர் காரு ஓட்டை வண்டிம்மா..."

"இத்தன நாளும் நீதான் மிதிச்சியாண்ணே?"

"நீ பயப்படுவியேன்னு..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமெரிக்காவை இழுத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீடு வந்ததும், "அடுத்த தெரு அக்காகிட்ட கத்துக்கப் போறேன். நீயே போய்ச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

அடுத்த தெருவிலும் ஒரு டிரைவிங் ஸ்கூல். அதை நடத்தும் அக்காவை, ஸ்கூட்டர் ஓட்டத்தான் லாயக்கு என்று மாஸ்டர் பல வருஷமாகக் கிண்டலடித்து வந்தார். இப்போது அவள் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் தங்கச்சிக்கு முதல்லேருந்து சொல்லிக்குடுக்கணும். ஒண்ணுமே தெரியாது. அது அவ தப்பு இல்ல."

"உங்க வண்டியிலதானே இவ்ளோ நாளும் ஓட்டுனா?"

"நான்தான் ஓட்டுனேன்" என்றார். காதெல்லாம் சுட்டது.

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"நாளைக்குக் காலைல அனுப்புங்க மாஸ்டர். நீங்க கூட வர வேண்டாம்."

"சரிங்க" என்றார்.