அத்தையின் காதுக்கட்டு

ராட்டை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அத்தைக்கு, மார்கழிக் குளிருக்குள் நானே நூற்ற பருத்தி நூலில் ஒரு சால்வை பின்னிவிடுவேன் என்று குடும்பம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆடியில் உட்கார்ந்தேன். நூல் ஓரிடத்தில் தலைமுடி போலவும் அடுத்த இடத்தில் தாம்புக்கயிறு போலவும் வந்தது. மெலிந்த இடமெல்லாம் அறுந்துபோக, தடித்ததுதான் மிஞ்சியது. "இது சால்வையா, கால்மிதியா?" என்று கேட்ட கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மார்கழி பிறந்தபோது, இருந்த நூலையெல்லாம் பின்னியும் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டைதான் தேறியது. கூச்சத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நன்னா மெத்துனு இருக்குடி."

மறுநாள் விடியற்காலை அதைத் தலையைச் சுற்றி, காதை மூடிக் கட்டிக்கொண்டு, என்னையும் கோயிலுக்கு அழைத்துப் போனாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயோ, காதுல என்ன ஆச்சு? ஆபரேஷனா?"

"ஒண்ணும் ஆகலை. எங்க அண்ணா பொண்ணு தன் கையால நூத்தது."

சன்னதிக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் நான்கு பேர் அத்தையின் உடம்பை விசாரித்தார்கள். நால்வரிடமும் அவள் அதே பெருமையோடு சொன்னாள். நான் ஒவ்வொரு முறையும் கோபுரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அடுத்த நூலுக்குப் பச்சைச் சாயம் போட்டுவிட்டேன். பச்சை நிறத்தில் எந்த டாக்டரும் கட்டுப் போடுவதில்லை.