ஒரு சொட்டும் படாத பவுண்டன்காரர்

"இருபத்தாறு வருஷமா இந்த பவுண்டன்ல வேலை பார்க்கறேன். அதோட தண்ணி ஒரு சொட்டு என்மேல பட்டதில்ல. இனிமேலும் படாது!"

டீ குடித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்துபோயிருக்கும். பூங்காவின் ஆண்டு விழாவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நகராட்சித் தலைவர் முன்னிலையில் சொன்னார். தலைவர் கைதட்டினார். தலைவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். சாதனைகள் இப்படித்தான் உறுதியாகின்றன.

சொன்னது பொய்யுமல்ல. பலகையில் 'செயற்கை நீரூற்று' என்று எழுதியிருந்தாலும் எல்லாருக்கும் அது பவுண்டன், அவர் பவுண்டன்காரர். நடுவே மூன்று ஆள் உயரத்துக்குப் பீறிடும் பெரிய தாரை, சுற்றிலும் பன்னிரண்டு சின்னத் தாரைகள். தொட்டியைச் சுற்றியுள்ள கம்பியில் ஒரு மஞ்சள் கைக்குட்டையைக் கட்டி வைத்திருப்பார். அதன் நுனி அசைந்தால் கவலையில்லை. பாதி எழுந்தால் பம்ப் அறைக்குள் போய்ப் பெரிய தாரையைப் பாதியாகக் குறைப்பார். விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றால் மூடியே விடுவார். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் நனைவதில்லை, அவரும் நனைவதில்லை. தொட்டியை வடித்துக் காயவிட்ட பிறகுதான் அடைத்துக்கொண்ட குழாய் முனைகளைக் கழற்றுவார். மிதக்கும் இலைகளை எடுக்க அவரே வளைத்துச் செய்த நீளக் கொக்கி ஒன்று உண்டு. மழையைப் பற்றி யாராவது கிளறினால், "அது வேற டிபார்ட்மென்ட்" என்று முடித்துவிடுவார்.

இந்தச் சாதனைக்கு வீட்டில் தினசரி பரிசோதனை நடந்தது. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வாசலுக்கு வந்து, சட்டை நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள்.

"நனைஞ்சீங்களா?"

"இல்ல."

"பவுண்டன் வேலைக்குப் போயிட்டு வர்றீங்களா, பொண்ணு பார்க்கப் போயிட்டு வர்றீங்களா? இஸ்திரி மடிப்புகூடக் கலையல. ஈரமே இல்லாத மனுஷன்!"

அதற்குப் பிறகுதான் உண்மையான பவுண்டன் திறக்கும். வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள் அவள். அளவு கொடுக்க வந்தவர்கள் அளவோடு சேர்த்துக் கதையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாடி வீட்டு மாமியாரின் மூட்டுவலியில் தொடங்கும் பேச்சு, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, விளக்கை அணைத்த பிறகும் வற்றாது. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அங்க இருக்கறதுக்குப் பதிமூணு வால்வு. இங்க இருக்கறதுக்கு எங்க வால்வுன்னுதான் இன்னும் கண்டுபிடிக்க முடியல" என்பார் அவர்.

"கண்டுபிடிங்க. கழட்டித் தெருவுல எறிஞ்சிடறேன்" என்பாள் அவள்.

ஆண்டு விழா முடிந்த மறுமாதம் ஒரு காலை, கழுத்தில் அளவு நாடா தொங்க, அடுத்த வீட்டுக்காரியிடம் பாதி வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். மூன்று வாரத்தில் கால் கொஞ்சம் தேறியது. வலது கை அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. மீதிப் பாதி வாக்கியம் என்னவென்று அடுத்த வீட்டுக்காரிக்கு இன்றுவரை தெரியாது. பவுண்டன்காரர் வால்வைப் பற்றி வாயே திறக்கவில்லை. தேடாத இடத்தில் தம் கையே எதையோ திருகி மூடிவிட்டதுபோல அவருக்கு ஓர் எண்ணம்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள்: "புது வார்த்தை முதல்ல வராது சார். தினம் சொல்லிச் சொல்லிப் பழகின பேச்சுதான் தன்னை அறியாம வரும். ஒண்ணு வந்துட்டா மத்ததும் மெல்ல வரலாம். ஆனா கட்டாயப்படுத்தக் கூடாது."

அவர் கட்டாயப்படுத்தவில்லை. தினமும் சாயங்காலம் மனைவியின் சக்கர நாற்காலிக்கு எதிரே விறைப்பாக நின்று, சட்டை நுனியை நீட்டி, "ம், கேளு" என்பார். கட்டாயப்படுத்தாமல் இருப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது. அவள் இடது கையால் தொட்டுப் பார்ப்பாள். உதடு அசையும். பிறகு கை மடியில் விழுந்துவிடும்.

ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்: "அப்பா, காஞ்ச சட்டையைக் காட்டிட்டு நின்னா அம்மா என்ன கேப்பாங்க?"

"முன்னாடியெல்லாம் காஞ்ச சட்டையைப் பார்த்துத்தானே கேட்டா?"

"அப்போ உங்களைச் சீண்டக் கேட்டாங்க. இப்போ அவங்களுக்கு அந்தத் தெம்பு எங்க இருக்கு?"

அவர் யோசித்தார். சாதனையாளர்கள் யோசித்தால் முதலில் குறுக்கு வழிதான் தென்படும். மறுநாள் தெருமுனைக் குழாயைத் திறந்து, சட்டை நுனியை நன்றாக நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குழாய்த் தண்ணீர் பட்டால் சாதனை முறியாது என்பது அவர் கணக்கு. மனைவி தொட்டாள், ஈரம். கை நின்றது. சட்டை நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். பவுண்டன் தண்ணீருக்குப் பாசியும் மருந்தும் கலந்த ஒரு வாடை உண்டு. இதில் அது இல்லை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்த பக்கத்து உதட்டை மட்டும் லேசாகச் சுழித்தாள். 'யார்கிட்ட?' என்று அதற்குப் பொருள். இருபத்தாறு வருடத்தில் அவர் அடைந்த முதல் தோல்வி அது. அவருக்கு ஏனோ அன்று நன்றாகச் சாப்பிட முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "அம்மாவை நாலு மணிக்குப் பூங்காவுக்குக் கூட்டிட்டு வா" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு நல்ல காற்று. மஞ்சள் கைக்குட்டை விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. மகள் நாற்காலியைத் தள்ளிவந்து, காற்று வரும் பக்கத்தில் நிறுத்தினாள். எதிர்ப்பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்தவர்களை அவரே போய் மரியாதையாக எழுப்பி அனுப்பினார். பம்ப் அறைக்குள் போனார். வெளியே வந்தார். பெரிய தாரை குறையவில்லை, கூடியிருந்தது.

"அண்ணே, காத்தைப் பார்க்கலையா?" என்று கேட் பக்கமிருந்து காவலாளி கத்தினார்.

"பார்த்தேன்."

தொட்டியைச் சுற்றி நடந்து, தாரை சாய்ந்து விழும் பக்கம் போய் நின்றார். முதலில் தோளில் விழுந்தது. பிறகு தலையில். பிறகு எங்கே விழுகிறது என்று சொல்ல முடியாதபடி எல்லா இடத்திலும். அவர் அறுபது எண்ணினார். வேலையென்று வந்துவிட்டால் அதிலும் ஒரு கணக்கு வேண்டுமல்லவா?

சொட்டச் சொட்ட நடந்து வந்து நாற்காலி முன்னால் நின்றார். "கேளு" என்று சொல்லவில்லை. சட்டை நுனியை நீட்டவும் இல்லை.

மனைவியே கையை நீட்டிப் பிடித்தாள். பிழிந்தாள். தண்ணீர் அவள் மடியில் ஒழுகியது. முகர்ந்து பார்த்தாள். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"நன... நனைஞ்... சீங்களா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். காவலாளி தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

"ஆமா" என்றார் பவுண்டன்காரர்.

மகள் துண்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சட்டை காய்ந்துவிட்டால் கேள்வியும் காய்ந்துவிடுமோ என்று பயம். பிறகு திரும்பி, தண்ணீர் விழும் பக்கமாக மறுபடியும் நடந்தார்.