கள்ளா, தண்ணீரா

ஊர் எல்லை தாண்டியதும் அய்ம்பென் அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். ஊருக்குள் செருப்பு, காட்டில் வெறுங்கால். “செருப்பு செவிடுடி. காலுக்குத்தான் காது இருக்கு” என்பாள். முதலில் பெருவிரல், பிறகு பாதம், அதன் பிறகுதான் உடம்பு. பின்னால் வருகிறவர்கள் அவள் கால் பதிந்த இடத்திலேயே கால் வைக்கவேண்டும். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் அப்படிப் போனோம். திரும்பிப் பார்த்தபோது மணலில் ஒரே ஒருத்தி நடந்துபோன தடம்தான் இருந்தது.

பாதையின் இடதுபுறம் மாந்தோப்பு. மூன்று வருடத்துக்கு முன் அதிலும் அதையொட்டிய வயல்பாதையிலும் கண்ணிவெடி புதைத்ததிலிருந்து யாரும் அதற்குள் போவதில்லை. பழம் தானாகப் பழுத்துத் தானாக விழுகிறது. தொப்பென்று ஒன்று விழும்போது வரிசை நிற்கும். சற்றுப் பொறுத்து நகரும். குரங்குகள்கூட அங்கே வருவதை விட்டுவிட்டன. அழுகிய மாம்பழத்தின் புளித்த வாசனை மட்டும் ஊர்வரை வருகிறது.

அத்தைக்கு ஐம்பத்து நான்கு வயது இருக்கலாம். என் அப்பாவின் தங்கை. அலையாத்தி மரத்தின் வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை வெட்டியெடுத்து, புகையில் உலர்த்தி, சிகின்ஷோர் நகரச் சந்தையில் விற்கிறாள். உள்ளங்கை முழுக்கச் சிப்பி கீறிய கோடுகள். சந்தையில் யாராவது பேரம் பேசினால் சிப்பியை அவர்கள் வாயில் போட்டுவிட்டு, “மென்னுக்கிட்டே பேசு பாப்போம்” என்று சொல்வாள். தினமும் ஓர் ஆள் சோறு கூடுதலாக வடித்து மூடிவைக்கிறாள். காலையில் அதைக் கோழிகளுக்குப் போடுகிறாள். “உன் பையன் சோத்தத் தின்னு தின்னு உன் கோழிங்க நடக்கவே முடியாமக் கெடக்குதுங்க” என்று அடுத்த வீட்டு நாஃபி கேலி செய்வாள். “அதுங்களாவது வீடு தங்குதுங்கள்ல” என்பது அத்தையின் பதில்.

பையன் ஜிபாலென் பதினேழு வயதில் துப்பாக்கி தூக்கக் காட்டுக்குப் போனான். பதினோரு வருடமாகிறது. போவதற்கு முன் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒன்பது பேரையும் பெண்கள் காட்டின் விளிம்பில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவனின் தாயும் அவன் காலில் கள் ஊற்றி, பெயர் சொல்லி, இலவமரத்தில் பனையோலை முடிச்சு ஒன்று போட்டாள். ஜெயிக்கும்வரை துப்பாக்கியைக் கீழே வைப்பதில்லை என்பதுதான் அந்தக் கட்டு. பெரிய ஊர்களில் இப்போது சமாதானத் தாள்களில் கையெழுத்தாகிறது. அத்தை அதைக் கேட்டுச் சிரித்தாள். “தாளு எழுதினவன் தாள அவுக்கட்டும். நாங்க ஊத்துனத நாங்கதான் அவுக்கணும்.” முடிச்சுகளை அவிழ்க்க அவள்தான் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டினாள். இரண்டு வருடமாக வரிசையின் முன்னால் நடக்கிறவளும் அவள்தான். எட்டு முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது அவள் மகனுடையது.

அவிழ்ப்பதில் ஒரு விதி உண்டு. உயிரோடிருக்கும் மகனுக்குக் கள் ஊற்றவேண்டும். செத்தவனுக்குத் தண்ணீர். செத்தவனுக்குக் கள் ஊற்றினால் ருசி கண்டு பங்கு கேட்டு வருவான். உயிரோடிருப்பவனுக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியூரிலிருந்து நான் ஊர் திரும்பிய முதல் நாள், படகுத்துறையில் சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து “பாஸ்கால், எப்படி இருக்கே?” என்றேன். என்னோடு பள்ளியில் படித்தவன், அந்த ஒன்பது பேரில் ஒருவன். அவன் திருப்புளியை வைத்துவிட்டு வெகுநேரம் என்னைப் பார்த்தான். “என்னைத் தெரியுதா உனக்கு?” என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டையில் செத்துப்போனான் என்று சேதி வந்து, அவன் தாய் ஓர்தான்ஸ் தண்ணீர் ஊற்றிய ஒன்பதாம் நாள் அவன் நடந்தே ஊருக்கு வந்திருக்கிறான். தண்ணீர் ஊற்றியாயிற்று, ஊருக்கு அவன் செத்தவன்தான். யாரும் பேசவில்லை. சைக்கிளை அவன் வாசலில் சாத்திவிட்டுப் போகிறார்கள். சரியானதும் அது மரத்தடியில் நிற்கும், எடுத்துக்கொள்கிறார்கள். ஓர்தான்ஸ் சோற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பியபடியே வந்துவிடுகிறாள்.

நாங்கள் பன்னிரண்டு பேர் போனது ஜிபாலென் போய்ச் சேர்ந்த காட்டு முகாமுக்குத்தான். உப்பில்லாத சோறு கொண்டுபோனோம். சமாதானம் பேசக் கொண்டுபோகும் சோற்றில் உப்புப் போடக்கூடாது. தளபதிக்கு என் வயதுதான் இருக்கும். சோற்றை ஒரு பிடி தின்றுவிட்டு, “உங்க ஊர் தோப்புலயும் வயலுப் பாதையிலயும் நாங்கதான் வெடி பொதச்சோம். எடத்தக் காட்டுறோம், எடுத்தும் தர்றோம். ஆனா கட்டு முழுசா அவுந்தாத்தான்மா. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் என் பசங்க ஆயுதத்தக் கீழ வெக்கப் பயப்படுறானுங்க” என்றான்.

“ஜிபாலென் இருக்கானா?” அத்தை கேட்டாள்.

“போன மழைவரைக்கும் இருந்தான். எல்லைப் பக்கம் ஆறு பேரு போனாங்க.”

“திரும்பினது?”

அவன் மடியிலிருந்த வானொலியின் திருகைத் திருப்பினான். அதில் இரைச்சல்தான் வந்தது. “காட்டுல அந்தக் கேள்விய யாரும் கேக்கறதில்லம்மா. மொத மழைக்குள்ள அவுத்துருங்க.”

திரும்பும் வழியில் நாஃபி வரிசைக்குள்ளிருந்தே பேசினாள். “அய்ம்பென், மூணு வருசமா என் வயலு புல்லாக் கெடக்கு. என் புள்ளைங்க வாங்குன அரிசி திங்குதுங்க. உன் ஒருத்தி மனசுக்காக ஊரே காத்துக் கெடக்கணுமா?”

“புல்ல வெட்டுனா வயலு திரும்ப வந்துரும்டி.”

“அப்போ தண்ணிய ஊத்திரு. வருசம் ஒண்ணாச்சு, சேதியே இல்ல. இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டானா?”

நடுவில் நடந்துகொண்டிருந்த ஓர்தான்ஸ் நின்றுவிட்டாள். “நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றாள். அவ்வளவுதான். தோப்பில் ஒரு பழம் விழுந்தது. வரிசை மறுபடி நகர்ந்தது.

நான்காம் நாள் காலை இலவமரத்தடியில் கூடினோம். ஆண்கள் வராத இடம். அன்று காற்றும் வரவில்லை. அத்தையின் முன்னால் இரண்டு சுரைக்குடுக்கைகள். ஒன்றில் கள், ஒன்றில் தண்ணீர். அவள் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது வழக்கம். மரத்துக்கு அப்பால், புதருக்குள், யாரோ தொண்டையைச் செருமியதுபோல் இருந்தது. குரங்கு என்று பிறகு சிலர் சொன்னார்கள். நாஃபி அதைக் கேட்கவே இல்லை என்று இன்றும் சொல்கிறாள். நான் கேட்டேன்.

அத்தை கள்ளை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள். முடிச்சை அவிழ்த்தாள். ஓலை உலர்ந்துபோய்க் கையிலேயே பொடிந்தது.

“செத்திருந்தா?” நாஃபியின் குரல் மெலிந்திருந்தது.

“செத்திருந்தா பசிச்சிருக்கும். வரட்டும்.”

“ஊருக்குள்ள வருவானேடி!”

“ஊருக்குள்ள ஏன் வர்றான்? என் வீட்டுக்கு வருவான். உயிரோட வந்தாலும் சோறு, செத்து வந்தாலும் சோறு. தண்ணிய ஊத்திட்டு அவன் முழுசா வந்து நின்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பாக்கறது?” ஓர்தான்ஸைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனாலும் ஓர்தான்ஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முடிச்சு அவிழ்த்த மூன்றாம் நாள் முகாமிலிருந்து நான்கு பேர் வந்து வெடிகளைத் தோண்டியெடுத்தார்கள். எடுத்த இடங்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். நாஃபி அரிவாளோடு முதல் ஆளாக வயலில் இறங்கினாள். அன்றிரவு எல்லோரும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் அப்படித்தான்.

அந்த வாரக் கடைசியில், பிற்பகலில், முதல் மழை அடித்து ஓய்ந்தது. அத்தை வீட்டு வாசலுக்கும் காட்டுப் பாதைக்கும் நடுவே ஓடும் வாய்க்காலில் செந்தண்ணீர் இடுப்பளவு போனது. நான் அங்கே போனபோது அவள் வாசலில் நின்று, பனங்கட்டைக் கதவைக் குடுமியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கை பிடிடி.”

இருவருமாகத் தூக்கிப்போய் வாய்க்காலின் குறுக்கே கதவைப் போட்டோம். அத்தை அதன் நடுவில் போய் நின்று, முழங்காலை மடக்கி இரண்டு தரம் குதித்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“நீயும் ஏறு. மூட்டையோட வருவான்ல.”